கல்லூரி ஆய்வகத்தில் தயோயூரியாச் சேர்மங்கள்: தயாரிப்பு முதல் உயிரியல் சோதனை வரை

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்த ஊரில் முதுகலை வேதியியல் படித்தாலும், இறுதிப் பருவத்தின் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, தயோயூரியா பெறுதிகளின் தயாரிப்பும் உயிரியல் செயல்திறனும் என்ற தலைப்பு வகுப்பில் ஒருவர் கைக்காவது வந்து சேரும். மூலப்பொருள்கள் மலிவானவை, ஒரே குடுவையில் ஒரே நாளில் வினை முடிந்துவிடும், விளைபொருளும் பெரும்பாலும் அழகான திண்மமாகவே கிடைக்கும். இத்தனை வசதி இருப்பதாலேயே இத்தலைப்பில் கவனக்குறைவான ஆய்வேடுகளும் மிகுதி. சேர்மத்தைத் தயாரிப்பது இதில் எளிய பகுதி. கையில் இருப்பது நாம் நினைத்த சேர்மந்தான் என்று காட்டுவதும், சோதனையில் தென்படுவது உண்மையான உயிரியல் விளைவே அன்றிக் கந்தகத்தின் வேதிக் குறுக்கீடு அன்று என்று காட்டுவதும்தான் கடினமான பகுதிகள். இக்கட்டுரையில் அவ்விரண்டுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

யூரியாவில் உள்ள ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணு அமைந்தால் அது தயோயூரியா. அம்மோனியம் சயனேட்டிலிருந்து 1828-இல் வோலர் யூரியாவைப் பெற்றதுபோலவே, அம்மோனியம் தயோசயனேட்டைச் சூடாக்கி ரெய்னால்ட்ஸ் 1869-இல் தயோயூரியாவைப் பெற்றார். அம்மோனியம் தயோசயனேட்டும் தயோயூரியாவும் ஒரே அணுக்கள் வேறு வகையில் இணைந்த மாற்றியங்கள் ஆதலால் இரண்டின் மூலக்கூறு எடையும் 76.12 தான். நம் பகுதிக் கல்லூரிகளில் தயோயூரியாப் புட்டியை வேதியியல் துறையைவிட இயற்பியல் துறையில்தான் அதிகம் பார்க்கலாம். துத்தநாகத்தோடும் காட்மியத்தோடும் அது தரும் அணைவுச் சேர்மங்களை ஒளியியல் படிகங்களாக வளர்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நமக்கு வேண்டியது அந்த வெறும் தயோயூரியா அன்று. அதன் நைட்ரஜன் அணுக்களில் கரிமத் தொகுதிகள் ஏறிய பெறுதிகள்.

இப்பெறுதிகளை நாம் அறியாமலே ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் பருத்தி போடும் உழவர்கள் வெள்ளை ஈக்கு அடிக்கும் டயாபென்தியுரான் ஒரு தயோயூரியா; அது வெயிலிலும் பூச்சியின் உடலிலும் கார்போடைஇமைடாக மாறிய பிறகே மைட்டோகாண்டிரியாவைத் தாக்குகிறது. பூஞ்சைக்கொல்லியான தயோபனேட் மீத்தைலில் இரண்டு தயோயூரியாக் கூறுகள் உள்ளன. அது பயிருக்குள் கார்பென்டசிமாக மாறி வேலை செய்கிறது. மிகைத் தைராய்டுக்குத் தரப்படும் புரோப்பைல்தயோயூராசிலிலும் கார்பிமசோலிலும் இதே நைட்ரஜன்–கார்பன்–கந்தகப் பிணைப்பு வளையத்துக்குள் அமைந்திருக்கிறது. காசநோய்க்கு 1960-களில் பயன்பட்ட தயோகார்லைடு நேரடியான டைஅரைல் தயோயூரியா.

நன்மையோடு ஒட்டியே நச்சும் வந்திருக்கிறது. பீனைல்தயோயூரியாத் தூள் காற்றில் பறந்தபோது அது சிலருக்குக் கசப்பதையும் சிலருக்குச் சுவையே இல்லாதிருப்பதையும் ஆர்தர் ஃபாக்ஸ் 1931-இல் வெளியிட்டார். எலிகளுக்கும் அது கசக்குமா என்று பார்க்கப் புகுந்த கர்ட் ரிக்டர், அவை மிகச் சிறு அளவிலேயே இறப்பதைக் கண்டார். எலிக்கொல்லியான நாப்தைல்தயோயூரியா அந்த வழியில் வந்ததுதான். வயிற்றுப்புண்ணுக்காக ஜேம்ஸ் பிளாக்கின் குழுவினர் உருவாக்கிய மெட்டியமைடில் தயோயூரியாத் தொகுதி இருந்தது. சில நோயாளிகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்ததால் அத்தொகுதியைச் சயனோகுவானிடினாக மாற்றினார்கள். அவ்வாறு பிறந்ததே சிமெட்டிடின். ஆகவே உங்கள் சேர்மம் எதையும் சுவைக்கவோ முகரவோ கூடாது. வெறுங்கையால் தொடவும் கூடாது.

எந்தச் சேர்மத்தில் தொடங்குவது

தயோயூரியா பெறுதிகளுக்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. அமீனோடு கார்பன் டைசல்பைடைச் சேர்த்துச் சமச்சீரான டைஅரைல் தயோயூரியா பெறுவது ஒன்று. கார்பன் டைசல்பைடு 46 பாகை செல்சியஸிலேயே கொதிப்பது, சுமார் 90 பாகை வெப்பமுள்ள பரப்பைத் தொட்டாலே தீப்பற்றக்கூடியது; சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஆய்வகங்கள் இருக்கும் நிலையில் புதியவர்களுக்கு இவ்வழியை நான் பரிந்துரைப்பதில்லை. விற்பனையில் உள்ள ஐசோதயோசயனேட்டோடு அமீனைச் சேர்ப்பது மிகச் சுத்தமான வழி. ஆனால் அதற்கு ஆகும் செலவு மாணவர் கைக்கு அடங்காது. எஞ்சியது, பென்சாயில் குளோரைடையும் அம்மோனியம் தயோசயனேட்டையும் அசிட்டோனில் சேர்த்துப் பென்சாயில் ஐசோதயோசயனேட்டைக் குடுவைக்குள்ளேயே உண்டாக்கி, அதைப் பிரிக்காமலே அமீனோடு வினைப்படுத்தும் வழி. டக்ளஸ், டெய்ன்ஸ் இருவரும் 1934-இல் வெளியிட்ட இம்முறையே இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது. அனிலினைக் கொண்டு 1-பென்சாயில்-3-பீனைல்தயோயூரியாவைத் தயாரித்துக் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு அமீனை மாற்றிக்கொள்ளலாம். பென்சாயில் தொகுதியைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நீக்கினால் முன்சொன்ன பீனைல்தயோயூரியா கிடைக்கும் என்று பாடநூல்கள் காட்டும். அதன் நச்சைக் கருதிப் பென்சாயில் நிலையிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

தயாரிப்பு

முதல் வேலை, மூலப்பொருள்களைச் சரிபார்ப்பது. அம்மோனியம் தயோசயனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் உப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புட்டியைத் திறந்து எடை போட்டு முடிப்பதற்குள் தட்டு நனைந்துவிடும். அதை வெற்றிட உலர்கலனில் ஓர் இரவு வைத்து எடுங்கள். பென்சாயில் குளோரைடுப் புட்டியின் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் அது ஈரத்தால் உண்டான பென்சாயிக் அமிலம். அந்தப் புட்டியை நம்பாதீர்கள். அனிலின் கரும்பழுப்பாக இருந்தால், சிறிது துத்தநாகத் தூள் சேர்த்து வாலை வடித்து நிறமற்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டோனை நீரற்ற பொட்டாசியம் கார்பனேட்டின் மேல் சில மணி நேரம் வைத்திருந்து வடித்தெடுக்க வேண்டும்.

இனி அளவுகள். நச்சுப் புகையை வெளியே இழுக்கும் அலமாரியான ஃபியூம் ஹூடுக்குள், 100 மி.லி. வட்ட அடிக் குடுவையில் 0.84 கிராம் அம்மோனியம் தயோசயனேட்டை 15 மி.லி. உலர் அசிட்டோனில் கரைத்து, காந்தக் கலக்கியில் சுழலவிடுங்கள். 1.41 கிராம், அதாவது சுமார் 1.2 மி.லி., பென்சாயில் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது கண்ணீரை வரவழைக்கும் நீர்மம்; ஃபியூம் ஹூட் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கு இவ்வினையைத் தொடங்கவே வேண்டாம். சேர்க்கத் தொடங்கியதுமே கரைசல் பால்போல் வெளுப்பதைக் காணலாம். அம்மோனியம் குளோரைடு அசிட்டோனில் கரையாமல் வெளியேறுவதே அதற்குக் காரணம். அவ்வாறு அது வெளியேறிக்கொண்டே இருப்பதுதான் வினையை முன்னோக்கி இழுக்கிறது. கண்டன்சரின் தலையில் கால்சியம் குளோரைடுக் குழாயைப் பொருத்தி 15 நிமிடம் ரிஃப்ளக்ஸ் செய்யுங்கள்; அதாவது, எழும் ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிடுங்கள். கோடைப் பிற்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகவே குழாயில் வரும்; 56 பாகையில் கொதிக்கும் அசிட்டோனை அது தடுத்து நிறுத்தாது. காலையிலேயே வினையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பனிக்கட்டி போட்ட வாளியிலிருந்து சிறு பம்பு கொண்டு நீரைச் சுழற்றுங்கள்.

அடுத்து, 0.93 கிராம் அனிலினை 10 மி.லி. அசிட்டோனில் கரைத்து மெதுவாகச் சேர்க்க வேண்டும். வெப்பம் உமிழும் வினை ஆதலால் சேர்க்கும் வேகம் கொதிப்பைத் தாண்டக் கூடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். ஹெக்சேன் நான்கு பங்கு, எத்தில் அசிட்டேட் ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலும் போதும். அனிலினின் புள்ளி மறைந்ததும், பனிக்கட்டி மிதக்கும் 150 மி.லி. நீரில் கலவையைக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். அம்மோனியம் குளோரைடு நீரோடு போய்விடும். விளைபொருள் வெளிர்மஞ்சள் அல்லது வெள்ளைத் திண்மமாகப் பிரியும். எண்ணெய்போல் திரண்டால் பதற வேண்டாம். கண்ணாடிக் கம்பியால் சுவரைத் தேய்த்து, குளிரில் வைத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். புக்னர் புனலில் வடித்து, குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி, எத்தனாலில் மீள்படிகமாக்குங்கள். கோட்பாட்டின்படி 2.56 கிராம் வர வேண்டும். மீள்படிகமாக்கிய பிறகு 2 கிராமுக்குச் சற்று முன்பின்னாகக் கிடைத்தால் நிறைவு கொள்ளலாம்.

அமீனை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீத்தாக்ஸி போன்று எலக்ட்ரானைத் தரும் தொகுதி கொண்ட அனிலின்கள் விரைவாக வினைபுரியும். நைட்ரோ தொகுதி கொண்டவை தயங்கும், அவற்றுக்கு நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். நாப்தைலமீன்களின் பக்கம் போகவே வேண்டாம்.

கையில் இருப்பது எது

தூய 1-பென்சாயில்-3-பீனைல்தயோயூரியா 148 முதல் 150 பாகைக்குள் உருகும். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், கசிந்திருந்த தயோசயனேட்டை அப்படியே எடை போட்டு இவ்வினையைச் செய்தேன். எடையில் ஒரு பங்கு தண்ணீராக இருந்ததால் தயோசயனேட் பற்றவில்லை. எஞ்சிய பென்சாயில் குளோரைடு அனிலினோடு நேரே சேர்ந்து பென்சனிலைடு ஆகிவிட்டது. மீள்படிகமாக்கியதும் பளபளக்கும் வெள்ளைப் படிகம் கிடைத்தது. உருகுநிலை 161 என்று காட்டியது. நூலில் உள்ளதைவிட அதிகமாக இருக்கிறதே, அவ்வளவு தூய்மை போலும் என்று மகிழ்ந்து, இரண்டு வாரம் பாக்டீரியாச் சோதனையும் செய்து முடித்தேன். பென்சனிலைடின் உருகுநிலை 163 என்பதை நிறமாலை வந்த பிறகே தேடிப் படித்தேன்.

ஐந்து நிமிடச் சோதனை ஒன்று அந்த இரண்டு வாரத்தைக் காப்பாற்றியிருக்கும். இளங்கலையில் செய்த லாசைன் சோதனைதான் அது. சோடியத்தோடு உருக்கி எடுத்த சாற்றில் சோடியம் நைட்ரோபுருசைடு ஊதா நிறம் தந்தால் கந்தகம் உண்டு. பென்சனிலைடில் கந்தகம் கிடையாது. நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்திருப்பதால், சோடியம் குறைவாக இருந்தால் சாறு ஃபெரிக் குளோரைடோடு இரத்தச் சிவப்புக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு அகச்சிவப்பு நிறமாலை. 2000 முதல் 2100 செ.மீ⁻¹ வரையிலான பகுதி வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே கூர்முனை தெரிந்தால் ஐசோதயோசயனேட்டோ தயோசயனேட்டோ எஞ்சியிருக்கிறது. கார்பனைல் முனை 1670 அருகில், சாதாரணக் கீட்டோனைவிடத் தாழ்ந்து தெரியும். கந்தகத்தோடு இணைந்த கார்பனின் முனையை ஒரே எண்ணாகக் குறிக்க முயலாதீர்கள். அது பிற அதிர்வுகளோடு கலந்து 1100-க்கும் 1300-க்கும் இடையே சிதறிக் கிடக்கும். உண்மையான சான்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் இருக்கிறது. டியூட்டரோகுளோரோஃபார்மில் பீனைல் பக்கத்து நைட்ரஜனின் ஹைட்ரஜன் 12.6 பி.பி.எம். அருகிலும், இரண்டு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட நைட்ரஜனின் ஹைட்ரஜன் 9.1 அருகிலும் தோன்றும். முன்னது அவ்வளவு தொலைவு தள்ளிப்போவதற்குக் காரணம், அது கார்பனைல் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஆறணு வளையம்போல் பூட்டிக்கொள்வதுதான். கார்பன் நிறமாலையில் 178, 179 சுற்றில் கந்தகக் கார்பனும் 167 சுற்றில் கார்பனைலும் வர வேண்டும். கருவி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய நிறுவனங்களுக்கு 10 மில்லிகிராம் அனுப்பிக் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பு முடியும் வரை உயிரியல் சோதனையைத் தொடங்காதீர்கள்.

பாக்டீரியாச் சோதனை

பெரும்பாலான ஆய்வேடுகளில் இருப்பது அகார்த் தட்டில் தெரியும் வளையத்தின் படம். முல்லர்–ஹின்டன் அகாரில் 0.5 மெக்ஃபார்லாந்து கலங்கலுக்கு நிகரான பாக்டீரியாவைப் பூசி, 6 மி.மீ. வட்டில் சேர்மத்தை ஏற்றி, மறுநாள் வளையத்தை அளக்கிறோம். இம்முறை நீரில் கரையும் நுண்ணுயிர் எதிரிகளுக்காக அமைந்தது. பென்சாயில் தயோயூரியாக்கள் நீரில் அரிதாகவே கரைபவை. அகாருக்குள் பரவாமல் வட்டிலேயே தங்கிவிடும். வளையம் வரவில்லை என்றால் செயல்திறன் இல்லை என்று பொருளாகாது. மறுபுறம், 500 மைக்ரோகிராம் ஏற்றிய வட்டில் 14 மி.மீ. வளையம் வந்ததை, 5 மைக்ரோகிராம் சிப்ரோஃபிளாக்சசின் வட்டின் 30 மி.மீ. வளையத்தோடு ஒப்பிட்டு "நல்ல செயல்திறன்" என்று எழுதுவது நேர்மையாகாது. அங்கே எடையே நூறு மடங்கு வேறுபடுகிறது.

எனவே குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவை, அளவிடுங்கள். 96 குழித் தட்டின் ஒரு வரிசையில் 12 குழிகள் உள்ளன. மி.லி.க்கு 256 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்தாம் குழியில் 0.5 வரும், பதினொன்றாம் குழி சேர்மமில்லாத வளர்ச்சிக்கு, பன்னிரண்டாம் குழி பாக்டீரியா இல்லாத ஊடகத்துக்கு. நாம் தயாரித்த சேர்மத்தின் மூலக்கூறு எடையும் 256 ஆதலால் முதல் குழி சரியாக ஒரு மில்லிமோலார். இது கணக்கிட வசதியான தற்செயல். டைமெத்தில் சல்பாக்சைடில் மி.லி.க்கு 25.6 மில்லிகிராம் கரைசல் செய்து நூறு மடங்கு நீர்த்தால், கரைப்பான் ஒரு விழுக்காட்டைத் தாண்டாது. கரைப்பானை மட்டும் சேர்த்த குழிகளையும் தனி வரிசையில் வையுங்கள். பாக்டீரியா மி.லி.க்கு ஐந்து இலட்சம் என்ற அளவில் இருக்க வேண்டும். மேல் செறிவுகளில் சேர்மமே வீழ்படிவாகிக் கலங்கும். அதை வளர்ச்சி என்று எண்ணி ஏமாறாதீர்கள். கலங்கலைத் தவிர்க்க ரெசசுரின் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள பாக்டீரியா அதை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒடுக்கும். கந்தகச் சேர்மமும் தானே ஒடுக்கக்கூடும் என்பதால், சேர்மமும் சாயமும் மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம் தேவை.

யூரியேஸ்: நம் வயலோடு தொடர்புள்ள சோதனை

என்னைக் கேட்டால், டெல்டா மாணவர்களுக்கு மிகப் பொருத்தமான சோதனை யூரியேஸ் தடுப்பு. வயலில் வீசும் யூரியாவை மண்ணின் யூரியேஸ் நொதி அம்மோனியாவாக உடைப்பதால் தழைச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. நொதிகளில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்டதும் இதுவே. வாள் அவரையிலிருந்து 1926-இல் ஜேம்ஸ் சம்னர் பிரித்தெடுத்தார். நமக்கு அந்த அவரை கிடைக்காவிட்டாலும் கொள்ளு கிடைக்கும். கொள்ளு மாவைப் பி.எச். 7 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் குளிர்ச்சியாக ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த தெளிநீரை அன்றே பயன்படுத்தலாம். யூரியேசின் மையத்தில் இரண்டு நிக்கல் அணுக்கள் உள்ளன. வெறும் தயோயூரியாவே இந்நொதியைத் தடுப்பதால் அதையே ஒப்பீட்டுச் சேர்மமாக வைப்பது வழக்கம்.

நொதியோடு சேர்மத்தைப் பத்து நிமிடம் வைத்திருந்து, பிறகு யூரியா சேர்த்து, உண்டாகும் அம்மோனியாவைப் பினாலும் ஹைப்போகுளோரைட்டும் தரும் நீல நிறத்தால் 630 நானோமீட்டர் சுற்றில் அளக்கிறோம். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். தயோயூரியாக்கள் ஹைப்போகுளோரைட்டைத் தாமே ஒடுக்கித் தீர்த்துவிடும். ஹைப்போகுளோரைட்டு குறைந்தால் நீலமும் குறையும். நொதி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அது தடுக்கப்பட்டதுபோல் தோன்றும். இதைப் பிரித்தறிய, நொதி இல்லாமல், தெரிந்த அளவு அம்மோனியம் குளோரைடோடு உங்கள் சேர்மத்தைச் சேர்த்து நிறத்தைப் பாருங்கள். நிறம் குறைந்தால் அது குறுக்கீடு. அந்தச் செறிவில் கிடைத்த தடுப்பு விழுக்காட்டை எழுதக் கூடாது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்காகச் செய்யும் ஊதா நிற டி.பி.பி.எச். சோதனையிலும், 517 நானோமீட்டரில் நிறம் மங்குவது கந்தகத்தின் ஒடுக்கும் இயல்பைக் காட்டுமே ஒழிய, உடலுக்குள் மருந்தாகும் என்பதைக் காட்டாது.

கணினியில் புரதத்துக்குள் மூலக்கூறைப் பொருத்திக் காட்டும் டாக்கிங் படங்களைச் சேர்ப்பதில் தவறில்லை. அதை முடிவாக அல்லாமல் ஊகமாக எழுதுங்கள்.

எழுதுவதும் அப்புறப்படுத்துவதும்

முடிவுகளை மி.லி.க்கு மைக்ரோகிராமில் மட்டும் தராமல் மைக்ரோமோலாரிலும் தாருங்கள். கனமான தொகுதி ஏறிய பெறுதியையும் இலேசானதையும் அப்போதுதான் நியாயமாக ஒப்பிட முடியும். ஒவ்வொரு சோதனையையும் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை செய்யுங்கள். ஒரே நாளில் ஒரே கரைசலை மூன்று குழிகளில் விட்டது மூன்று முறை ஆகாது. செயல்படாத பெறுதிகளையும் அட்டவணையில் சேருங்கள். ஐந்தில் எது செயல்படவில்லை என்பதிலிருந்தே எந்தத் தொகுதி வேலை செய்கிறது என்று படிப்பவர் அறிவார்.

நம் ஊர்ச் சாக்கடைகள் பலவும் வாய்க்காலில் சென்று சேர்பவை. அதனால் வடித்த தாய்க்கரைசலைத் தொட்டியில் கொட்டாமல், தயோசயனேட், தயோயூரியா என்று எழுதி ஒட்டிய தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள். அதில் வலிய அமிலத்தையோ பிளீச்சிங் பவுடரையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பாக்டீரியாத் தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 பாகையில் 20 நிமிடம் வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். மிஞ்சிய படிகத்தைப் பழுப்புக் குப்பியில் இட்டு, பெயர், தேதி, உருகுநிலை மூன்றையும் பென்சிலால் எழுதி ஒட்டி, உலர்கலனில் வையுங்கள்; மார்க்கர் எழுத்து அசிட்டோன் பட்டால் அழிந்துவிடும்.